ஸ்பூன் பட்ட இடம்

என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் மாலை, வீட்டில் சர்க்கரை கருகும் வாசனை வந்தது. மகளை நாத்தனார் தன்னோடு மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். அன்று அடுப்பே மூட்டவில்லை. எழுந்து போய் அடுப்படியைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுப் பக்கம் மோந்து பார்த்தேன். அங்கே கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாசனை என் வீட்டுக்குள்தான் இருந்தது. கருகிய சர்க்கரை, அதற்கு அடியில் கிராம்பு. அவர் சட்டைக் காலரில், எத்தனை முறை துவைத்தும் போகாமல் கிடந்த அதே வாசனை.

பயமாக இல்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. "வந்துட்டியா" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். ஆள் இல்லாத இடத்தில் பேசியவளைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டில் யாரும் மழையில் வண்டி சறுக்கிச் செத்திருக்க மாட்டார்கள்.

அவர் மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு ஓட்டலில் ஸ்வீட் செக்‌ஷனில் சமையல்காரர். நாங்கள் இருப்பது ஊரப்பாக்கத்தில். தினமும் அவ்வளவு தூரம் வண்டியில் போய்வருவதற்கு அங்கேயே குடியேறியிருக்கலாமே என்று துக்கத்துக்கு வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். என் வேலை மறைமலைநகரில், மகள் பள்ளிக்கூடம் இங்கே. அவர் அலைந்தால் நாங்கள் இருவரும் அலைய வேண்டாம் என்று அவர்தான் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மழை நாளில் முடிந்துவிட்டது.

ஓட்டலில் அவர் செய்த இனிப்புகளில் பாதிக்கு எனக்குப் பெயர் வாயில் நுழையாது. ஒன்றை மட்டும் வார விடுமுறை அன்று வீட்டில் செய்வார்: கேரமல் கஸ்டர்ட். ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு வெனிலா போட்டுச் செய்வார். வீட்டில் எங்களுக்கு ஏலக்காய், பட்டை, சுக்கு, ஒரு துளி ஜாதிக்காய். அதோடு, சர்க்கரை கருகும் சட்டியிலேயே கிராம்பை நுணுக்கிப் போடுவார். எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார். எதற்கும் அளவு கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். பாலில் ஒரு சொட்டு, பாகில் ஒரு சொட்டு, குளிர்ந்த பிறகு ஓரத்தில் ஒரு துளி. கஸ்டர்ட் வெந்து, ஆறி, ஃபிரிட்ஜில் இருந்து வெளியே வந்து, தட்டில் கவிழ்த்ததும் நாங்கள் யாரும் தொடக் கூடாது. முதல் ஸ்பூன் மகளுக்கு. நடுவில் எடுத்தால் சரிந்துவிடும் என்று ஓரமாக எடுக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். அவள் வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினால்தான் மற்றவர்களுக்கு. ஆட்டவில்லை என்றால் அந்தத் தட்டு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போகும். பெரிய ஓட்டல் சமையல்காரர், அஞ்சு வயசுப் பிள்ளையிடம் பாஸ் மார்க் வாங்க நிற்பார். எனக்குச் சிரிப்பாகவும் வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

வாசனை அதோடு நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அடிக்கடி வர ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, தெருமுனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறும். மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். "வாசனை வருதா உனக்கு?" என்று கேட்பேன். வருகிறது என்பாள், நோட்டில் இருந்து தலையைத் தூக்காமல். எனக்கு அது போதும். எனக்கு மட்டும் வந்தால் மனப்பிராந்தி. பிள்ளைக்கும் வருகிறது என்றால் மனுஷன் உண்மையிலேயே வருகிறார். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கம்பெனியில் ஷிஃப்ட் முடியும் நேரம் வந்துவிட்டால் கைகால் பரபரக்கும். வீட்டுக்குப் போனால் ஆள் இருக்கிறார் என்கிற பரபரப்பு.

அதே சமயத்தில் வீட்டில் சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோனது. எறும்பைத் திட்டினேன். ஒரு எவர்சில்வர் ஸ்பூனின் அடிப்பக்கம் கருத்துக் கிடந்தது. மட்டமான சரக்கை விற்றுவிட்டான் என்று பாத்திரக்கடைக்காரனைத் திட்டினேன். என் வேலையே பொருளைப் பார்ப்பதுதான். வண்டிகளுக்குப் போகும் ரப்பர் பாகங்களை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல், குழி, பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அங்கே ஒரு கீறல் என் கண்ணுக்குத் தப்பாது. சொந்த வீட்டு ஸ்பூன் எப்படித் தப்பியது என்று இப்போது யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. எனக்கு அவர் வந்தால் போதும் என்று இருந்தது.

வாசனையைப் பற்றி நாத்தனாரிடம் சொன்னது என் தவறு. அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. மாமல்லபுரத்தில் லாட்ஜ்களில் அறை சுத்தம் செய்யும் வேலை. அவர் வீட்டுக்காரர் சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிறார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் தம்பியின் ஆவி வரைக்கும் தனக்கு உரிமை உண்டு என்று நினைப்பார். நான் சொன்னதைக் கேட்டதும் அழுதார். அழுது முடித்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"அவன் ஆச இன்னும் தீரலம்மா. அதான் வூட்ட சுத்திகினு கீறான். நீ வருஷா வருஷம் படையல்ல கறியும் கேசரியும் வெச்சா அவனுக்கு இன்னா? அவன் கையால செய்வானே, அந்த ஆடுற ஸ்வீட்ட வெய்யி. துன்னுட்டு நிம்மதியா பூடுவான்."

நிம்மதியாகப் போய்விடுவார். அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. போகட்டும் என்று யார் கேட்டார்கள்? ஆனால் அப்படிச் சொல்ல முடியுமா? புருஷன் அலைந்து திரியட்டும், எனக்கு மாலையில் துணை வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்வாள்? சரி அண்ணி என்றேன். அப்போதே அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டார். அவனுக்கென்று நேர்ந்த பண்டத்தை அவன் சாப்பிடும் வரை வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்ப்பதும் கூடாது, பழகுவதற்காகச் செய்வதையும் தொடக் கூடாது. படையல் என்றால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எச்சில் பட்டால் செத்தவர் தொட மாட்டார்.

ருசி பார்க்காமல் கேரமல் கஸ்டர்ட் செய்ய நான் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் தடவை சர்க்கரை சட்டியிலேயே கல்லாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கரண்டி போட்டுக் கிளறவே மாட்டார், சட்டியைத்தான் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுவார் என்பது சட்டியை ஊறப்போட்ட பிறகு ஞாபகம் வந்தது. அடுத்த தடவை சூடான பாலை முட்டையில் ஒரேயடியாகக் கொட்டினேன். இனிப்பான முட்டைப் பொரியல் ஆயிற்று. அதற்கு அடுத்த தடவை இட்லிப் பானையில் தீயைக் கூட்டி வைத்ததில் கஸ்டர்ட் முழுக்கப் பொத்தல். தீயை மெதுவாக வைத்து, பானைக்கு அடியில் துணி போட்டு, கிண்ணத்தின் மேல் தட்டு மூடி, மூடியில் இருந்து தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்ததுதான் எல்லாம்.

செய்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். சூப்பராக இருக்கிறது என்றார்கள். பொத்தல் விழுந்ததையும் அப்படித்தான் சொன்னார்கள், முட்டைப் பொரியலையும் அப்படித்தான் சொன்னார்கள். மகள் அடுப்படி வாசலில் நின்று பார்ப்பாள். கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும்போது அதன் பின்னாலேயே அவள் கண்ணும் போகும். எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு இன்னும் இனிப்பு ஆசை விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் வருஷப் படையல் அன்று நாத்தனார் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டார். கறிக்குழம்பு, ஈரல் வறுவல், வடை எல்லாம் அவர் பொறுப்பு. உள் அறையில் படத்துக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, வாழை இலை விரித்தோம். என் வீட்டுக்காரர் பிடிக்கும் சிகரெட் ஒன்றைப் பிரித்து வைத்தோம். கஸ்டர்டைக் கடைசியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வெயிலுக்குத் தளர்ந்துவிடும். "நான் கவுக்கிறேன்மா" என்று மகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் கூடத்தில் நின்று கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அவள் வெளியே வந்ததும் நான் போய், இலைப் பக்கம் பார்க்காமல் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டபடியே பின்வாங்கிக் கதவைச் சாத்தினேன்.

படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. வருகிறவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. மூன்று பேரும் வெளியே படியில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஒன்று போயிற்று. உள்ளே அவர் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு, எப்போதும் போலக் கடைசியில் சாப்பிட வேண்டியதை முதலில் எடுத்துக்கொண்டு. சாப்பிடாதே என்று மனசுக்குள் சொன்னேன். மன்றாடினேன். நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, நன்றாக இருக்காது, வேண்டாம், வைத்துவிடு.

நாத்தனார் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். வருகிறவர் எழுந்துகொள்ள நேரம் கொடுப்பதற்காகத் தட்டுவது. குழம்பு வைத்தபடி இருந்தது. வடை வைத்தபடி இருந்தது. கஸ்டர்ட் பளபளவென்று, பாகு வழிந்து தட்டில் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் ஒரு குழி. ஸ்பூனால் அள்ளியது போலச் சின்னதாக, பிறை மாதிரி ஒரு குழி.

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "துன்ட்டான்" என்றார். "எந்தம்பி துன்ட்டான்மா. இனிமே வரமாட்டான்." மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அது சந்தோஷ அழுகை. எனக்கு அழுகைகூட வரவில்லை. கோவளத்தில் இருந்து போன் வந்த அன்றுகூட, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை ஏதோ ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் வாசற்படியிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

படையல் சாப்பாட்டை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். கஸ்டர்டில் குழி விழாத பாதியை நாத்தனார் டப்பாவில் போட்டுக்கொண்டு போனார். குழி இருந்த பாதியை நான் யாருக்கும் தரவில்லை, நானும் தொடவில்லை. மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அடுத்த நாள் வேலையில் இருந்து வந்தேன். வாசனை இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். பினாயில் வாசனை வரும், மகளின் ஈர யூனிஃபார்ம் வாசனை வரும். சாப்பாடு இறங்கவில்லை. மகளும் சரியாகப் பேசவில்லை. இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியாகத் துக்கம் காத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது அந்தத் தட்டை வெளியே எடுத்தேன். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தட்டைத் திருப்பினேன். கை தானாகத் திருப்பியது, கம்பெனியில் திருப்புவதைப் போல. குழியின் இடப்பக்கம் சரிவாக இறங்கியிருந்தது. வலப்பக்கம் உதடு மாதிரி மேலே ஏறியிருந்தது. இடமிருந்து வலமாக அள்ளியிருக்கிறார்கள். இடது கைக்காரர்கள் அள்ளினால்தான் அப்படி விழும். அவர் வலது கைக்காரர். இந்த வீட்டில் இடது கை ஒருத்திக்குத்தான்.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. அப்படியானால் அவர் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றால் போகவும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மகளைக் கூப்பிட்டேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீதானா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். அத்தையிடம் சொல்லாதே என்றாள். சொல்ல மாட்டேன், ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா பண்றது எப்டி இருக்கும்னு எனக்கு மறந்து போச்சும்மா. நீ அதேதான் பண்றேனு சொன்ன. ஒரு வாய் தின்னா ஞாபகம் வரும்னு பாத்தேன். வரல."

அடுத்ததையும் நான் கேட்காமலே சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்பூனில் சர்க்கரை போட்டு, ஒரு கிராம்பை நசுக்கிப் போட்டு, அடுப்பில் காட்டுவாளாம். அப்பா வாசனை வருமாம். நான் வருவதற்குள் ஸ்பூனைக் கழுவி ஃபேனைப் போட்டுவிடுவாளாம். வாசனையை வைத்துக்கொண்டு முகத்தை ஞாபகப்படுத்திப் பார்ப்பாளாம். படையல் அன்று அத்தை அழுததைப் பார்த்து, இனிமேல் செய்தால் பாவம் என்று விட்டுவிட்டாளாம்.

நான் அப்படியே உட்கார்ந்தேன். அப்போது கோபம் வந்தது, நிஜமான கோபம். எத்தனை மாலைகள் ஓடி ஓடி வந்தேன். யாருக்காக வாசலில் நின்று தலையைச் சரி செய்துகொண்டேன். இரண்டு அறை விட்டிருப்பேன். கை தூக்கியும் விட்டேன். அவள் நகரவில்லை. அடி வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள். கஸ்டர்டை ருசி பார்க்கும்போது அவள் மூடுகிற மாதிரியே மூடினாள். நான் அவரைப் போகவிடாமல் வாசலைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் இவளிடமிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். கையைக் கீழே போட்டேன்.

முட்டை வாங்கி வரச் சொன்னேன். அத்தை சொன்னது என்ன ஆவது என்று கேட்டாள்.

"உங்கப்பா போட்டதுதான் இந்த வூட்டு ரூல்" என்றேன். "முதல் ஸ்பூன் உனக்கு."

அன்று செய்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் நாக்கில் வைத்துப் பார்த்தோம். பாலில் ஒரு சொட்டு நான், ஒரு சொட்டு அவள். அவர் போன பிறகு முதல் தடவையாக அந்தச் சுவை என் வாயில் பட்டது. வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினேன். படையலுக்கு நான் செய்ததில் சர்க்கரையைப் பயந்து பயந்து பொன்னிறத்திலேயே இறக்கியிருக்கிறேன் என்பது, இன்று அதே நிறத்தில் இருந்த பாகை ஒரு சொட்டு நக்கியதும் தெரிந்தது. அது வெறும் இனிப்பு. இன்னும் கருகட்டும், உங்கப்பா புகை வரும் வரை விடுவார் என்றேன். சட்டியை அவள் பிடித்துச் சுற்றினாள். பழுப்பாகி, கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் புகை எழுந்தது. வீடு முழுக்க அந்த வாசனை. இந்தத் தடவை யாரும் ஃபேனைப் போடவில்லை.

ஆறி, குளிர்ந்து, கவிழ்க்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்து உள் அறையில் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். வெளியே வரும்போது பழக்கத்தில் கை கதவுக்குப் போயிற்று.

"சாத்தவாம்மா?"

வேண்டாம், திறந்தே கிடக்கட்டும் என்றேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் வந்த வாசனையைப் பற்றி அப்போது யோசித்தேன். அன்று அவள் மாமல்லபுரத்தில் அல்லவா இருந்தாள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் இடது கையால் ஓரமாக ஒரு ஸ்பூன் அள்ளினாள். கண்ணை மூடினாள். தலை ஆடவில்லை. நான் காத்திருந்தேன், அவர் நின்ற மாதிரியே, பாஸ் மார்க்குக்கு.

"கிராம்பு பத்தலம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அப்பா பண்ணது தின்னா நாக்கு லேசா மரத்துப் போவும்."

அதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. எனக்கே மறந்து போயிருந்தது.